பிரம்புக்குப் பயந்து துஆக் கேட்ட சிறுவன்

கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாள்தானே, ஆறுதலாக வாசியுங்கள்.

2025 மே மாதம் புதிய பாப்பரசர் பதினான்காம் லியோ தெரிவாகி மக்கள் முன் வந்தபோது, தான் அகுஸ்தீனின் பிள்ளை என்று சொன்னார். அடுத்த கிழமை தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அந்த அகுஸ்தீன் யார்?" என்று கேட்டது. எங்கள் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர். அன்று சொன்ன பதிலில் எங்கள் இருவருக்கும் பங்கு உண்டு. "பழைய காலத்து ஐரோப்பியப் புனிதர் ஒருவர், கத்தோலிக்கர்கள் பெரிதாக மதிப்பவர்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டோம்.

அது பிழையான பதில். பிறகு ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்து தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. அகுஸ்தீன் ஐரோப்பியர் அல்ல. அல்ஜீரியாக்காரர். ரியாத் மஹ்ரெஸின் நாடு என்றால் எங்கள் பையன்களுக்கு உடனே பிடிபடும். அவர் பிறந்த தகாஸ்தே என்ற ஊர் இன்றைய சூக் அஹ்ராஸ். அவர் ஆயராக இருந்து மௌத்தான ஹிப்போ நகரம் இன்றைய அன்னாபா. இரண்டு ஊர்களிலும் இன்று ஐந்து நேரமும் பாங்கு ஒலிக்கிறது. அவர் இறந்தது கி.பி. 430இல். நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு ஏறக்குறைய 140 வருடங்களுக்கு முன்பு.

இன்னொரு விசயமும் தெரிய வந்தது. அதுதான் எங்களை இதில் இவ்வளவு காலம் பிடித்து வைத்தது. அவர் எங்கள் தொழிலைச் செய்தவர். ஆயராவதற்கு முன் பத்து வருடங்களுக்கு மேல் வாத்தியாராக இருந்தவர்.

354 நவம்பர் 13இல் பிறந்தவர். வாப்பா பத்ரீசியு சிறிய காணிக்காரர், ஊர்ச் சபை உறுப்பினர். கௌரவம் இருந்தது, காசு இல்லை. அவர் பழைய ரோமத் தெய்வங்களை வணங்கியவர், கடைசிக் காலத்தில்தான் கிறிஸ்தவரானார். உம்மா மொனிக்கா உறுதியான கிறிஸ்தவப் பெண். அந்தப் பெயரே வட ஆபிரிக்காவின் பூர்வீக பர்பர் மக்களுடையது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஊருக்கு வெளியே நாட்டுப்புற மக்கள் பேசியது பியூனிக். அது அரபுக்கும் ஹீப்ருவுக்கும் உறவான மொழி. பாடசாலையில் லத்தீன்.

அந்தப் பாடசாலையைப் பற்றி அவர் எழுதியிருப்பதை ஒவ்வொரு வாத்தியாரும் ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும். நாற்பது வயது தாண்டி, ஆயராகி, பெரிய மனிதரான பிறகு, 'கன்பெஷன்ஸ்' என்று இன்று அறியப்படும் நூலை எழுதுகிறார். முழுப் புத்தகமும் இறைவனிடம் நேரே பேசுவதுபோல எழுதப்பட்டது. அதில் தன் முதல் துஆ எது என்று சொல்கிறார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் அடி விழக் கூடாது என்று இறைவனிடம் கேட்டாராம். வயது சிறிதாக இருந்தாலும் அந்தக் கேள்வியின் உருக்கம் சிறிதல்ல என்கிறார். அடி நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து தழும்பைக் காட்டினால் பெரியவர்கள் சிரித்தார்கள். அவருக்கு எந்தக் கெடுதலும் நினைக்காத தாய் தகப்பன்கூடச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எங்களுக்குத் தெரியும். எங்கள் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று சொல்லி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். பாடசாலையிலும் அடி, பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவிலும் அடி. இன்று ஒன்றுகூடலில் சந்தித்தால் அந்த அடிகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அகுஸ்தீன் சிரிக்கவில்லை. எழுபது வயதை நெருங்கும்போது எழுதிய ஓரிடத்தில், சாவதா, திரும்பச் சின்னப் பிள்ளையாவதா என்று கேட்டால் யார்தான் நடுங்கிப்போய்ச் சாவைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்கிறார். உலகம் முழுக்க மதிக்கும் ஓர் அறிஞர், அறுபது வருடம் கழித்தும் அந்த வகுப்பறையை மறக்கவில்லை.

அடித்த வாத்தியாரைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. பந்து விளையாடியதற்காகப் பிள்ளையை அடிக்கிற அதே வாத்தியார், ஏதோ ஒரு சில்லறைத் தர்க்கத்தில் சக வாத்தியாரிடம் தோற்றுவிட்டால், பந்தில் தோற்ற பிள்ளையைவிடக் கூடுதலாகப் புகைவாராம். இதை வாசித்தபோது எங்கள் ஓய்வறையில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம்.

லத்தீனும் கிரேக்கமும் பற்றிய அவருடைய ஒப்பீடு இன்னும் முக்கியமானது. லத்தீனை அவர் தாதிமாரின் கொஞ்சலிலும், விளையாட்டிலும், சிரிப்பிலும் படித்தார். ஒருவரும் அடிக்கவில்லை. தானாக வந்தது. கிரேக்கம் மிரட்டலோடும் பிரம்போடும் வந்தது. நல்ல கதைகள்தான் அதிலும் இருந்தன, ஆனால் வாயெல்லாம் கசந்தது என்கிறார். ஒரு மொழியைப் படிக்கப் பயத்தைவிட ஆர்வமே பெரிய துணை என்பது அவர் அனுபவத்தில் கண்டது. கடைசிவரைக்கும் அவருக்குக் கிரேக்கம் சரளமாக வரவில்லை. அந்தக் காலத்தில் கிறிஸ்தவச் சிந்தனையில் பாதி கிரேக்கத்தில்தான் இருந்தது. அந்த இழப்பில் பிரம்புக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். எங்கள் ஊரில் ஆங்கிலம் வராத எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள்? எத்தனை பேருக்கு அது நாக்கில் வராமல் போனதற்குக் காரணம் ஒரு பிரம்பு?

மேல்படிப்புக்கு மதவுரு என்ற ஊருக்குப் போனார். பதினாறு வயதில் காசில்லாமல் ஒரு வருடம் வீட்டில் இருந்தார். அந்தச் சும்மா இருந்த வருடத்தில்தான் கூட்டாளிகளோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியது. பசிக்கல்ல, பன்றிகளுக்கு வீசி எறிய. அந்தத் திருட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். தனியாக இருந்தால் செய்திருக்க மாட்டேன் என்பதுதான் அதில் அவர் கண்டுபிடிக்கிற விசயம். ஏ.எல். எழுதிவிட்டுச் சும்மா நிற்கும் பையன்கள் எங்கள் சந்திகளிலும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் இந்த இடம் ஞாபகம் வருகிறது.

பிறகு ஊர்த் தனவந்தர் ரோமானியானுஸ் உதவி செய்ய, கார்த்தேஜுக்குப் போனார். இன்றைய துனிசியா. அங்கே ஒரு பெண்ணோடு வாழ்ந்தார், திருமணம் இல்லாமல். ஒரு மகன் பிறந்தான், பெயர் அதெயோதாத்து. இறைவன் தந்தவன் என்று அர்த்தம், நாங்கள் அதாவுல்லாஹ் என்று வைக்கிறோமே அதேதான். மானி என்ற பாரசீகரின் மதத்தில் சேர்ந்து ஒன்பது வருடம் இருந்தார். உம்மா மொனிக்கா மகனை ஒரு கட்டத்தில் வீட்டுக்குள் எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தார். அழுதுகொண்டே துஆக் கேட்டார். வருடக் கணக்கில்.

இதற்கிடையில் அவர் வாத்தியாராகிவிட்டார். முதலில் சொந்த ஊரில் இலக்கணம், பிறகு கார்த்தேஜில் பேச்சுக்கலை. அந்தக் காலத்தில் பேச்சுக்கலை என்றால் இன்று சட்டமும் முகாமைத்துவமும் சேர்ந்ததுபோல. நல்ல வேலைக்கு அதுதான் வழி.

கார்த்தேஜ் மாணவர்கள் வகுப்பைக் குழப்புவதையே ஒரு கௌரவமாக வைத்திருந்த கூட்டம். தங்கள் வாத்தியாராக இல்லாதவரின் வகுப்புக்குள்ளும் புகுந்து கலாட்டா செய்வார்கள். பொறுக்க முடியாமல் 383இல் ரோமுக்குப் போனார். உம்மா விடமாட்டார் என்று தெரிந்து, துறைமுகத்தில் அவரிடம் பொய் சொல்லி, இரவோடு இரவாகக் கப்பல் ஏறினார். காலையில் மொனிக்கா வந்து பார்த்தபோது கப்பல் இல்லை. இந்தப் பொய்யையும் அவரேதான் எழுதி வைத்திருக்கிறார்.

ரோமில் மாணவர்கள் அமைதி. ஆனால் அங்கே வேறு வியாதி. கட்டணம் கட்டுகிற நாள் நெருங்கும்போது கூட்டமாக வேறு வாத்தியாரிடம் மாறிவிடுவார்கள். டியூசன் நடத்துகிற நண்பர்கள் இதை வாசித்துத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

384இல் மிலான் நகரில் அரசாங்கப் பேச்சுக்கலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மேற்கு ரோமப் பேரரசரின் அரண்மனை அப்போது அங்கேதான். வயது முப்பது. அல்ஜீரியாவின் உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கு அதற்கு மேல் ஏணி இல்லை. ஒருநாள் பேரரசரைப் புகழ்ந்து பேச உரை தயாரித்துக்கொண்டு போகிறார். பாதிக்கு மேல் பொய், கேட்பவர்களுக்கும் பொய் என்று தெரியும். வழியில் ஒரு பிச்சைக்காரன் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இவன் சில காசுக்கு வாங்கிய சந்தோசத்தை நான் இத்தனை வருடம் ஓடியும் வாங்கவில்லையே என்று கூட வந்த நண்பர்களிடம் சொல்கிறார்.

இந்த மிலான் காலத்தில்தான் அவர் செய்த பெரிய அநியாயமும் நடந்தது. பதவிக்கு ஏற்ற திருமணம் பேசினார்கள். பேசிய பெண்ணுக்குத் திருமண வயது வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மகனைப் பெற்றுத் தந்து பல வருடம் கூட வாழ்ந்த பெண்ணை ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார். மகனை விட்டுவிட்டு, வேறு எவரோடும் வாழ மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். தன் இதயம் கிழிந்து இரத்தம் வடிந்ததாக அவர் எழுதுகிறார். சரி. ஆனால் அவளுடைய பெயரை எழுதவில்லை. தன் கல்லூரி நண்பர்கள், எதிரிகள், உதவி செய்தவர்கள் பலரின் பெயரும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அவள் பெயர் மட்டும் இல்லை. அவளுடைய மானத்தைக் காக்கத்தான் எழுதவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அந்த விளக்கம் ஒட்டவில்லை.

மிலானின் ஆயர் அம்புரோஸின் பேச்சைக் கேட்கப் போனவர் மெல்ல மெல்ல மாறினார். 386 கோடையில், ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை, எடுத்து வாசி, எடுத்து வாசி என்று பாடுவதைக் கேட்டு வேதத்தைத் திறந்து வாசித்த சம்பவம் உலகறிந்தது. எங்களுக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு அடுத்த சின்ன விசயம். மனம் மாறிவிட்டது, வேலையை விட வேண்டும். ஆனால் அன்றே எழும்பிப் போகவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு இன்னும் மூன்று கிழமை அளவில் இருந்தது. அதுவரை வகுப்பை நடத்தி முடித்துவிட்டுத்தான் போனார். தவணை நடுவில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகாத வாத்தியார்.

387இல் மகனோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார். ஊர் திரும்பும் வழியில் ரோமின் துறைமுகமான ஒஸ்தியாவில் மொனிக்கா காலமானார், 56 வயதில். கணவனுக்குப் பக்கத்தில் அடங்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டவர், கடைசியில், இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் அடக்குங்கள் என்றார். மகன் அதெயோதாத்துவும் ஊர் வந்து சில காலத்தில் இறந்துவிட்டான். பதினாறு வயதில் வாப்பாவோடு உட்கார்ந்து பேசிய ஒரு நீண்ட உரையாடல் மட்டும் 'ஆசிரியர்' என்ற பெயரில் புத்தகமாக இருக்கிறது. படிப்பித்தல் என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதுதான் பேச்சு. வாத்தியாரின் சொல் பிள்ளையின் தலைக்குள் அறிவைக் கொண்டுபோய் வைப்பதில்லை, சொல் ஒரு சைகை மட்டும்தான், உண்மையா என்று பிள்ளை தனக்குள்ளேயே பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது என்று வாப்பா சொல்கிறார். வாத்தியார் என்ன நினைக்கிறார் என்று படிக்க எந்த முட்டாள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவான் என்றும் கேட்கிறார். மகன் விட்டுக்கொடுக்காமல் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிறான். அதில் மகன் சொல்வதெல்லாம் அவனுடைய சொந்தக் கருத்துத்தான் என்றும், அந்தப் பிள்ளையின் அறிவு தன்னைப் பயப்படுத்தியது என்றும் வாப்பா பிறகு எழுதினார்.

391இல் ஒரு வேலையாக ஹிப்போவுக்குப் போனவரைத் தொழுகைக் கூட்டத்தில் மக்கள் பிடித்து, இவரைக் குருவாக்குங்கள் என்று முன்னுக்குத் தள்ளினார்கள். அவர் அழுதார். ஆயர் பதவி தராமல் குரு பதவி தருகிறார்கள் என்றுதான் அழுகிறார் என்று நினைத்துச் சிலர் ஆறுதல் சொன்னார்களாம். அப்போதைய ஆயர் வலேரியு கிரேக்கர், லத்தீன் சரியாக வராதவர். அவருக்குப் பிறகு, 396 அளவில், அகுஸ்தீன் ஆயரானார். அடுத்த 34 வருடம் அதே துறைமுக நகரம்.

ஆயரின் அன்றாடம் எப்படி இருந்தது என்பதை அவரோடு வாழ்ந்த சீடர் பொசிதியு எழுதி வைத்திருக்கிறார். காலையிலிருந்து நண்பகல்வரை, சில நாள் பொழுது சாயும்வரை, காணி வழக்கும் சொத்து வழக்கும் கேட்பது. கிறிஸ்தவர் மட்டுமல்ல, மற்ற மதத்தவர்களும் வருவார்கள். சொந்தச் சொத்து இல்லை. சாப்பாட்டு மேசையில், இல்லாதவரைப் பற்றிப் புறம் பேசுகிறவருக்கு இந்த மேசையில் இடமில்லை என்ற பொருளில் ஒரு செய்யுள் பொறித்திருந்தது. ஒருநாள் விருந்துக்கு வந்த சக ஆயர்கள் புறம் பேசத் தொடங்க, ஒன்று இந்தச் செய்யுளை அழியுங்கள், இல்லாவிட்டால் நான் எழும்பி அறைக்குப் போகிறேன் என்றாராம். கீபத் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பகல் சாப்பாட்டில் அதையே செய்கிற எங்களுக்கு அந்த மேசை ஒன்று வேண்டும்.

கைதிகளை மீட்கவும் ஏழைகளுக்குக் கொடுக்கவும் தேவாலயப் பாத்திரங்களையே உருக்கினார். அவருடைய சில கடிதங்கள் 1970களில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. அதில் ஒன்றில், ஆபிரிக்கக் கிராமங்களில் ஆட்களைக் கடத்திக் கப்பலில் ஏற்றும் அடிமை வியாபாரிகளைப் பற்றி எழுதுகிறார். ஹிப்போ தேவாலயத்து மக்கள் போய் கிட்டத்தட்ட 120 பேரைக் கப்பலிலிருந்தும் ஒளித்து வைத்த இடத்திலிருந்தும் மீட்டதாகவும் அதில் இருக்கிறது.

கார்த்தேஜில் தெயோகிராத்தியா என்றொருவர் புதிதாக மார்க்கத்துக்கு வருகிறவர்களுக்குப் படிப்பிப்பவர். "எனக்கே என் பாடம் சலிக்கிறது, என்ன செய்வது?" என்ற பொருளில் அகுஸ்தீனுக்கு எழுதினார். பதிலாக, 400ஆம் ஆண்டளவில், ஒரு சிறிய நூலையே எழுதி அனுப்பினார் ஆயர். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு இதைத் தந்திருக்கலாம். எனக்கும் என் பேச்சு ஒருநாளும் திருப்தி தந்ததில்லை, ஆனால் கேட்கிறவர்கள் நாம் நினைக்கிற அளவு சலிப்பதில்லை என்று தொடங்குகிறார். ஒரே பாடத்தை நூறு தடவை சொல்லிச் சலித்துவிட்டதா? நீங்கள் தினமும் பார்த்துப் பழகிய ஊரை முதல் தடவை வந்த நண்பருக்குக் காட்டும்போது, அவர் கண்ணால் நீங்களும் புதிதாகப் பார்க்கவில்லையா? கேட்கிறவர் கொட்டாவி விடுகிறாரா? சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். நின்று கால் வலிக்கிறதா? உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் விளங்காமல் பேசாமல் இருக்கிறார் என்றால் பயத்தாலா, வெட்கத்தாலா, உண்மையிலேயே விளங்கவில்லையா என்று பாருங்கள். பயம் என்றால் அன்பால் போக்குங்கள். இவ்வளவும் 1600 வருடத்துக்கு முன்பு.

இத்தோடு பதிவை நிறுத்தியிருந்தால் எங்களுக்கும் சுகம். ஆனால் தொடர்ந்து வாசித்தபோது வேறொரு அகுஸ்தீன் வந்தார்.

வட ஆபிரிக்கக் கிறிஸ்தவர்கள் அப்போது இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். 303இல் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தியபோது சில குருமார் பயந்து வேத ஏடுகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அப்படிக் கொடுத்தவர் கை வைத்த ஆயர் செல்லுமா செல்லாதா? செல்லாது என்றவர்கள் பின்னர் தொனாத்து என்ற தலைவரின் பெயரால் தொனாத்தியர் ஆனார்கள். கொடுமை முடிந்து நூறு வருடமாகியும் சண்டை முடியவில்லை. ஒரே வேதம், ஒரே வணக்கம், ஊருக்கு ஊர் இரண்டு ஆயர், இரண்டு தேவாலயம். ஹிப்போவில் தொனாத்தியர்தான் கூட. அகுஸ்தீன் வருவதற்கு முன்பு அங்கிருந்த தொனாத்திய ஆயர், மற்றப் பிரிவுக்காரர்களுக்குப் பாண் போடக் கூடாது என்று பேக்கரிக்காரர்களுக்குத் தடை போட்டிருந்தாராம்.

இதை வாசித்து யாராவது ஆச்சரியப்படுவீர்களா? ஒரு தெருவில் இரண்டு பள்ளி, ஒரு குடும்பத்தில் இரண்டு பெருநாள், அந்த ஜமாஅத்காரனின் கடைக்குப் போகாதே, அவன் பின்னால் தொழாதே. நாங்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

தொனாத்தியர் பக்கம் பொல்லுத் தூக்கும் முரட்டுக் கூட்டமும் இருந்தது. ஒரு தடவை அகுஸ்தீனைக் கொல்ல வழியில் காத்திருந்தார்கள். வழிகாட்டி பாதை பிழைத்து வேறு வழியால் கூட்டிப்போனதால் தப்பினார். ஆனாலும் முதலில் அவருடைய நிலைப்பாடு தெளிவாக இருந்தது. எவரையும் வற்புறுத்தக் கூடாது, பேச வேண்டும், வாதாட வேண்டும், நியாயத்தால் வெல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெளிப்படையான எதிராளி பொய்யான நண்பனாகத்தான் மாறுவான். பிரம்புக்குப் பயந்த அந்தப் பிள்ளையிடம் வேறென்ன எதிர்பார்ப்போம்?

405இல் பேரரசர் தொனாத்தியருக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தார். கூட்டம் கூட்டமாக மக்கள் பிரிவு மாறினார்கள். 408 அளவில், கார்த்தேஜில் படித்த காலத்துப் பழக்கமான வின்சென்டியு என்பவருக்கு அகுஸ்தீன் எழுதிய கடிதத்தில், தான் மனம் மாறிவிட்டதாக ஒத்துக்கொள்கிறார். மாற்றியது வாதமல்ல, கண்ணால் கண்டது என்கிறார். தன் சொந்த ஊர் தகாஸ்தே முழுதும் தொனாத்தியராக இருந்தது, சட்டத்துக்குப் பயந்து மாறியது, இன்று அப்படி ஒரு பிரிவு இருந்ததா என்று கேட்கும் அளவுக்கு ஒற்றுமை. அப்படியானால் பயத்துக்கும் பலன் இருக்கிறதே? புத்தி பேதலித்த நோயாளியை வைத்தியர் கட்டி வைப்பதில்லையா? சில வருடம் கழித்து இன்னொரு நீண்ட கடிதத்தில், அன்பால் வழிக்கு வருகிறவர்கள் மேலானவர்கள்தான், ஆனால் பயத்தால் திருந்துகிறவர்கள்தான் தொகையில் கூட என்று எழுதினார். விருந்துக்கு வர மறுத்தவர்களை வற்புறுத்தி அழைத்து வாருங்கள் என்று இன்ஜீலில் வரும் உவமையையும் ஆதாரமாக எடுத்தார்.

411இல் கார்த்தேஜில் இரண்டு பக்கமும் 280க்கு மேற்பட்ட ஆயர்கள் கூடி வாதாடினார்கள். அரச ஆணையாளர் மார்செல்லினு தொனாத்தியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். அபராதமும், தேவாலயங்கள் பறிமுதலும், குருமார் நாடுகடத்தலும் பின்னால் வந்தன.

அதே மார்செல்லினுவுக்கு அவர் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. தொனாத்தியர் சிலர் ஒரு குருவைக் கொன்று, இன்னொருவரின் கண்ணைப் பிடுங்கி விரலை வெட்டிய வழக்கு. குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டார்கள். தயவுசெய்து அவர்களைக் கொல்லாதீர்கள், உறுப்பையும் வெட்டாதீர்கள், எங்களவர் பட்ட வேதனைக்குப் பழிவாங்குவதாக அது ஆகிவிடும் என்று கெஞ்சுகிறார். அந்தக் காலத்தில் இப்படிக் கேட்பது பெரிய விசயம். ஆனால் அதே கடிதத்தில், விசாரணையின்போது நெருப்பும் இரும்பும் பாவிக்காமல் பிரம்பால் மட்டும் அடித்ததற்காக ஆணையாளரைப் பாராட்டுகிறார். அது வாத்திமாரும், பெற்றோரும், ஆயர்களும்கூடப் பாவிக்கிற முறைதானே என்கிறார்.

இந்த இடத்தில் நாங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம், சில நாளைக்கு. அடி விழக் கூடாது என்று துஆக் கேட்ட பிள்ளை, ஐம்பது வயது தாண்டியபோது, அந்தப் பிரம்பைச் சின்ன விசயங்களின் பட்டியலில் வைத்துவிட்டது. அவரை நாங்கள் தூர நின்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. எங்கள் இருவருக்கும் பொதுவான அலுமாரியில் இன்னும் ஒரு பிரம்பு இருக்கிறது. உடல் ரீதியான தண்டனை கூடாது என்று சுற்றுநிருபம் வந்து காலமாகிவிட்டது. "சும்மா காட்டுவதற்குத்தான்" என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். பலன் இருக்கிறது என்பதுதான் எங்கள் வாதமும். பிரம்பைத் தூக்கினால் வகுப்பு அடங்குகிறதே? தகாஸ்தேயும் அடங்கியது.

மார்க்க விசயத்தில் வற்புறுத்தலைப் பற்றி சூரா பகராவில் வரும் அந்த வசனம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மற்ற மதத்தவர்களுக்கு எடுத்துக்காட்ட அழகாகப் பாவிக்கிறோம். பக்கத்துப் பள்ளிக்காரரிடம் அது ஞாபகம் வருகிறதா என்பது வேறு கேள்வி. அகுஸ்தீனின் அந்தக் கடிதங்கள் அவரோடு போகவில்லை. 1685இல் பிரான்சில் புரட்டஸ்தாந்தரின் உரிமைகளை மன்னர் பதினான்காம் லூயி பறித்தபோது, அதை நியாயப்படுத்த அவற்றையே எடுத்து அச்சிட்டார்கள். 1250 வருடம் கழித்து.

பிள்ளையைப் பற்றிய அவருடைய நம்பிக்கையிலும் எங்களுக்கு வித்தியாசம் உண்டு. முலைப்பால் குடிக்கிற சிசு, இன்னொரு சிசு பால் குடிப்பதைப் பார்த்து முகம் வெளுத்துப் பொறாமைப்பட்டதைத் தான் கண்டதாக எழுதுகிறார். ஆதத்தின் பாவம் பிறவியிலேயே எல்லோரிலும் இருக்கிறது என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு பிள்ளையும் ஃபித்ராவில் பிறக்கிறது என்பது எங்கள் கொள்கை. கொள்கை அப்படி இருக்க, எங்கள் பிரம்புகளும் அவருடைய வாத்தியாரின் பிரம்பும் ஒரே நீளம்தான் என்பது கொஞ்சம் உறுத்துகிறது.

410இல் ரோம் நகரம் கொள்ளையிடப்பட்டபோது உலகமே முடிந்துவிட்டது என்று சனங்கள் அலறினார்கள். அதற்குப் பதிலாக அவர் எழுதத் தொடங்கிய 'இறைவனின் நகரம்' என்ற பெருநூல் முடிய பதின்மூன்று வருடத்துக்கு மேல் எடுத்தது. அது தனிப் பதிவுக்குரிய விசயம்.

எழுபது தாண்டியதும் அவர் செய்த ஒரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். தான் எழுதிய புத்தகங்களை எல்லாம் எடுத்து, காலவரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றிலும் எங்கே பிழை விட்டேன், எங்கே சொல் கூடிப்போனது என்று ஒரு திருத்தப் புத்தகம் எழுதினார். 93 நூல்களைப் பார்த்து முடித்தார். தன் விடைத்தாளைத் தானே சிவப்புப் பேனையால் திருத்துகிற வாத்தியார். வற்புறுத்தலுக்கு எதிராக முன்பு எழுதியதைத்தான் அங்கே பிழை என்று குறித்தார், பின்பு எழுதியதையல்ல.

429இல் வண்டல்கள் என்ற ஜெர்மானியக் கூட்டம் ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து வந்தது. 430இல் ஹிப்போவை முற்றுகையிட்டார்கள். ஓடி வந்த ஆயர்களாலும் அகதிகளாலும் நகரம் நிறைந்திருந்தது. முற்றுகையின் மூன்றாம் மாதம் அகுஸ்தீன் காய்ச்சலில் விழுந்தார். தாவூத் நபி (அலை) அவர்களுடையது என்று அவர்கள் ஓதும் சங்கீதங்களில், பாவமன்னிப்புக் கேட்கும் சிலவற்றைப் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். கடைசிப் பத்து நாள், வைத்தியரும் சாப்பாடு கொண்டுவருகிறவரும் தவிர வேறு எவரும் வர வேண்டாம் என்றார். படுத்தபடி சுவரைப் பார்த்து வாசித்து வாசித்து அழுதுகொண்டிருந்தார். ஆகஸ்ட் 28இல் காலமானார். 75 வயது. மரண சாசனம் இல்லை, எழுதி வைக்கச் சொத்து இருக்கவில்லை. புத்தகங்களைப் பத்திரமாக வையுங்கள் என்று மட்டும் அடிக்கடி சொல்லியிருந்தார். நகரம் பின்னர் எரிந்தது, புத்தகங்கள் தப்பின.

2001இல் அல்ஜீரிய அரசாங்கமே அகுஸ்தீன் பற்றிய ஒரு சர்வதேச மாநாட்டை நடத்தியது. அன்னாபாவில் அவர் பெயரில் குன்றின் மேல் ஒரு தேவாலயம் இருக்கிறது. சுற்றி வாழ்கிறவர்கள் முஸ்லிம்கள்.

அந்தப் பிள்ளை இப்போது மேல் வகுப்புக்குப் போய்விட்டது. போன கிழமை கூப்பிட்டு, அன்று சொன்ன பதில் பிழை, அகுஸ்தீன் அல்ஜீரியாக்காரர் என்று சொன்னோம். "எந்தக் கேள்வி சேர்?" என்று கேட்டது.

கத்தோலிக்க நண்பர்கள் யாராவது இதை வாசித்தால், பெயர்களைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று சொல்லுங்கள். வேறு பிழை இருந்தாலும் கீழே எழுதுங்கள், திருத்திவிடுகிறோம்.